தோல் சுவரும் ஏலக்காய் வாசமும்

போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில் நடந்திருக்கிறீர்களா? கடை கண்ணில் படும் முன்பே ஏலக்காய் வாசம் வந்துவிடும். ஏலமலையில் விளைந்த காயை உலர்த்தி, சலித்து, தரம் பிரித்து இங்கே ஏலம் விடுகிறார்கள்.

ஒரு காயை உரித்துப் பாருங்கள். உள்ளே மூன்று அறைகள். அறைக்குள் ஒன்றோடொன்று ஒட்டிய கறுப்பு விதைகள். விதையை நசுக்கியதும் கிளம்பும் வாசத்தில் சினியோல் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. நீலகிரித் தைலத்தில் மணப்பதும் அதுதான். மணப்பது மட்டுமல்ல, மருந்து தோலுக்குள் நுழைய வழி விடவும் சினியோலால் முடியும்!

வழி எதற்கு? ஊசி என்றாலே பயந்து ஓடுகிறோம் அல்லவா? குத்தும் இடத்தை முதலிலேயே மரத்துப்போக வைக்கும் ஜெல்லும் களிம்பும் இருக்கின்றன. அவற்றில் இருப்பது பெரும்பாலும் லிடோகெயின். 1943இல் சுவீடன் நாட்டு நில்ஸ் லோஃப்கிரென் இதை உருவாக்கினார். வலிச் செய்தி நரம்பில் ஓட வேண்டுமானால் சோடியம் நுழையும் நுண்ணிய வாசல்கள் திறக்க வேண்டும். லிடோகெயின் அவற்றை அடைத்துவிடும். செய்தி மூளைக்குப் போகாது, வலியும் தெரியாது.

ஆனால் நரம்பு இருப்பது தோலின் மேலடுக்குக்கு அடியில். களிம்பு இருப்பதோ தோலுக்கு மேலே. நடுவில் ஒரு சுவர்!

கம்பம் பள்ளத்தாக்கின் வயலுக்குத் தண்ணீர் தரும் முல்லைப்பெரியாறு அணையை நினைத்துக்கொள்ளுங்கள். 1895இல் பொறியாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த அந்த அணையில் கல் மட்டுமா இருக்கிறது? கல்லின் இடுக்கெல்லாம் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் சேர்ந்த காரை. நம் தோலின் மேலடுக்கும் அப்படித்தான். தட்டையான இறந்த செல்கள் கல்லைப்போல அடுக்கியிருக்கும். இடையில் கொழுப்புப் பொருள்கள் காரையைப்போல அடைத்திருக்கும். கை கால்களில் இதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐம்பதில் ஒரு பங்கு. தலைமுடியை விட மெல்லிசு! அதுதான் உடம்பின் ஈரத்தை உள்ளே காத்து, கிருமியை வெளியே நிறுத்துகிறது. உள்ளங்கையிலும் பாதத்திலும் மட்டும் இது தடிப்பாக இருக்கும்.

பல் மருத்துவர் கன்னத்தின் உட்புறம் ஜெல் தடவினால் சில நிமிடத்தில் மரத்துவிடும். அங்கே இப்படிப்பட்ட கடினச் சுவர் இல்லை. கையில் தடவினால் அவ்வளவு சீக்கிரம் மரக்காது. அதனால்தான் காரையைக் கொஞ்ச நேரம் இளக்கும் பொருள்களை விஞ்ஞானிகள் தேடினார்கள்.

செடிகள் சில பொருள்களைத் தந்தன: ஏலக்காயின் சினியோல், புதினாவின் மென்தால், ஆரஞ்சுத் தோலின் லிமோனீன். இவை கொழுப்புக்குள் புகுந்து அதன் ஒழுங்கான அடுக்கைக் கலைத்துவிடும். 1990களில் தைவான் ஆய்வாளர்கள் ஏலக்காய் எண்ணெயை ஒரு வலி மருந்தோடு சேர்த்துச் சோதித்தார்கள். தோலைக் கடந்த மருந்தின் அளவு கூடியது. ஆய்வுக்கூடத்தில் செய்த பொருள்களும் உண்டு. இந்த வேலைக்கென்றே 1970களில் அமெரிக்காவில் உருவானது ஏசோன்.

இன்னொரு வழி மிக அழகானது. நாட்டு மருந்துக்கடையில் புதினா உப்பும் ஓம உப்பும் கிடைக்கும். இரண்டும் கட்டியான படிகங்கள். ஆசிரியரிடம் சொல்லி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் சம அளவு கலக்கச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் தொட வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும். தண்ணீர் ஒரு சொட்டும் விடாமலே, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் உருகி எண்ணெயாகும்! சில பொருள்கள் கலந்தால், தனித்தனியாக உருகும் வெப்பத்தை விடக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். லிடோகெயின் தனியாக உருக ஏறக்குறைய 68 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிரிலோகெயின் என்ற மருந்தைச் சேர்த்தால், அறை வெப்பத்திலேயே இரண்டும் எண்ணெயாகிவிடும். படிகத்தை விட எண்ணெய் தோலில் சுலபமாக இறங்கும். இதை வைத்துத்தான் 1980களில் சுவீடனில் ஒரு களிம்பு வந்தது. தடவி, மேலே மூடி, ஒரு மணி நேரம் காத்திருந்தால், ஊசி குத்துவது அவ்வளவாகத் தெரியாது.

அப்படியானால் வீட்டிலேயே தடவிக்கொள்ளலாமா? கூடாது. சுவர் இளகினால் மருந்து அளவுக்கு மீறியும் உள்ளே போகலாம். பிரிலோகெயின் அதிகமாகப் போனால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் திணறும். கைக்குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். எவ்வளவு, எங்கே, எத்தனை நேரம் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. திராட்சைத் தோட்டத்திலும் ஏலத் தோட்டத்திலும் மருந்து அடிக்கிறார்களே, அந்தப் பூச்சிமருந்தும் தோல் வழியாக உடம்புக்குள் போகும். அதில் கலந்திருக்கும் கரைப்பான் தோல் சுவரை இளக்கி, நஞ்சு நுழைய உதவவும் கூடும். மருந்து அடித்த தோட்டத்தில் விளையாடாதீர்கள். அப்பாவோ அம்மாவோ மருந்து அடிக்கப் போனால், கையுறையும் முழுக்கைச் சட்டையும் எடுத்துக் கொடுங்கள். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லுங்கள். முடியை விட மெல்லிய அந்தச் சுவரை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.