இரண்டு கூத்துக்கு நடுவில் நடந்தது என்ன?

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிச் சேர்ந்தே கதை சொல்லும் ஆட்டம்தான் டேபிள்டாப் ரோல்பிளேயிங். கதையை நடத்துபவர் கேம் மாஸ்டர். இந்த ஆட்டத்தில் ஒரு பழைய தலைவலி உண்டு. ஒரு சாகசம் முடிகிறது, அடுத்தது எட்டு மாதம் கழித்துத் தொடங்குகிறது. நடுவில் ஒருத்தருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், இன்னொருத்தர் அம்மாவைப் பறிகொடுத்திருப்பார். இதையெல்லாம் ஆடிப் பார்த்தால் ரெண்டு வாரம் அதிலேயே போயிடும். ஆடாமல் விட்டால், வீடு வாசல் எதுவும் இல்லாமல் சண்டைக்கு மட்டும் எழுந்து வரும் பொம்மையாகக் கதாபாத்திரம் ஆகிவிடும்.

இந்தச் சிக்கலை ஆரணி, பெரணமல்லூர், செய்யாறு, வந்தவாசி வட்டாரத்தில் ரொம்ப காலமாகவே தீர்த்து வைத்திருக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பகலில் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து. பிரசங்கியார் வில்லிபாரதத்தை வைத்துக் கதையை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். கூத்து அதிலிருந்து சில கட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். வில் வளைப்பு ஒரு ராத்திரி, துகில் ஒரு ராத்திரி, அர்ச்சுனன் தபசு ஒரு ராத்திரி. வனவாசம் 12 வருஷம் என்றால் அதில் பெரும்பகுதி சொல்லில்தான் கடக்கும். கூத்து தொட்ட இடத்தில் விடிய விடிய நிற்கும்.

சரி, சொல்லில் கடந்த வருஷங்கள் மேடைக்கு எப்படி வருகின்றன? திரௌபதியின் கூந்தலைப் பாருங்கள். சபையில் விரித்த கூந்தலைத் துரியோதனன் ரத்தம் பூசித்தான் முடிப்பேன் என்பது அவள் சபதம். இடையில் 13 வருஷமும் ஒரு போரும் போகின்றன. கடைசியில், மண்ணால் செய்த துரியோதனன் உருவம் கிடக்கும் படுகளத்தில்தான் கூந்தல் முடிகிறது. நடுவில் நடந்த அத்தனையையும் யாரும் பட்டியல் போட வேண்டியதில்லை, முடியாத கூந்தலே சொல்லிவிடும்.

இன்னொரு கட்டமும் கவனிக்க வேண்டியது: அஞ்ஞாதவாசம். அந்த ஒரு வருஷம் விராடன் அரண்மனையில் பீமன் சமையல்காரன், அர்ச்சுனன் பேடி வேஷத்தில் நாட்டியம் சொல்லித் தருகிறான், நகுலன் குதிரை பார்க்கிறான், சகாதேவன் மாடு பார்க்கிறான். ரோல்பிளேயிங் பாஷையில் இதுதான் ‘டவுன்டைம்’. இதில் பெரும்பகுதியை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம். ஆனால் திரௌபதி மேல் கீசகன் கண் வைத்ததும் அது கீசக வதமாகி, ஒரு முழு ராத்திரிக் கூத்தாகிறது. தினசரி வேலை யாருடைய ஆசையோடும் மோதாதவரை சொன்னால் போதும். மோதினால் ஆட வேண்டும்.

விளையாட்டு விதிகளை எழுதியவர்களும் ஏறக்குறைய இங்கேதான் வந்து சேர்ந்தார்கள். கிரெக் ஸ்டாஃபோர்டின் ‘பென்ட்ராகன்’ (1985) ஆட்டத்தில் பொதுவாக வருஷத்துக்கு ஒரு சாகசம், பிறகு ‘குளிர்காலக் கட்டம்’. கல்யாணம், குழந்தை, குதிரை பிழைத்ததா, வயசாகி உடம்பு தளர்ந்ததா எல்லாவற்றுக்கும் பகடை உண்டு. அப்பா வீரன் செத்தால் மகனை எடுத்து ஆடலாம். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 2014 பதிப்பில் புது மொழி கற்க 250 நாள், நாளைக்கு ஒரு பொற்காசு. அது கணக்கைத் தருகிறது, கதையைத் தருவதில்லை. ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ (2017) ஒவ்வொரு திருட்டுக்குப் பிறகும் ஆளுக்கு இரண்டு வேலை என்று அளவு வைக்கிறது.

ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பாரதக் கதை ஊருக்கே தெரியும், அபிமன்யு சாவான் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. மேஜையில் அப்படி இல்லை. “நீ ஊரில் இல்லாதப்போ உங்க அம்மா செத்துட்டாங்க” என்று கேம் மாஸ்டர் தானாகச் சொன்னால், அந்த அம்மாவைக் கற்பனை செய்து வளர்த்தவருக்கு அது திருட்டு மாதிரிதான் இருக்கும். அதனால் இடைக்காலத்துக்குப் பிரசங்கியார் அந்தந்த ஆட்டக்காரரே. கேம் மாஸ்டர் கேள்வி கேட்கலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது.

நடைமுறையில் ஆளுக்கு மூன்று கேள்வி போதும், அஞ்சு நிமிஷத்துக்கு மேல் ஆகாது: இந்த இடைவெளியில் என்ன வேலை பார்த்தாய்? வீட்டில் என்ன மாறியது? அது உன் மேல் எந்த அடையாளமாகத் தெரிகிறது?

பெரணமல்லூரையே கதைக்களமாக வைத்துக்கொள்வோம். ஒருத்தர் பட்டு நெசவாளி. எட்டு மாதமாகத் தறியில்தான் இருந்தார், தங்கச்சி கல்யாணத்துக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். அடையாளம்? சாகசத்தில் ஜெயித்து வாங்கிய வெள்ளிக் கத்தி இப்போது இடுப்பில் இல்லை, அடகுக் கடையில் இருக்கிறது. அவ்வளவுதான். முதல் சண்டையில் அவர் கை இடுப்புக்குப் போய் வெறுமையைத் தொடும்போது, மேஜையில் எல்லோருக்கும் அந்தக் கல்யாணம் ஞாபகம் வரும். முன்பணம் கொடுத்தவர் ஒருநாள் வாசலில் வந்து நின்றால், அது அடுத்த கூத்து.

கடைசி கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். “கல்யாணம் ஆச்சு, குழந்தை பொறந்துச்சு” என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தது அடுத்த வாரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. இல்லாத கத்தி இருக்கும்.