உண்ணிக் காய்ச்சல்: உயிரணுவை ஏமாற்றி உள்ளே நுழையும் கிருமி

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளக் காட்டிலோ, அரியலூர்ப் பக்கம் முந்திரித் தோப்பிலோ வேலை செய்துவரும் உங்களுக்கு மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் விடாத காய்ச்சல் கண்டால், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். மருத்துவர்கள் இதை ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள்.

உண்ணி என்றதும் மாட்டின் காதில் ஒட்டியிருப்பதை நினைக்க வேண்டாம். இது புதரிலும், எலிகள் நடமாடும் புல்வெளியிலும் வாழும் சிற்றுண்ணியின் இளம்பருவம். கேழ்வரகு மணியைவிட மிகச் சிறியது. கடித்தால் பெரும்பாலும் வலிப்பதில்லை. கடிக்கும்போது ஒரியன்ஷியா என்னும் பாக்டீரியா உடலில் சேருகிறது.

பல பாக்டீரியாக்கள் நம் உயிரணுக்களுக்கு வெளியிலேயே பெருகும். இதற்கோ உள்ளே போனால்தான் பிழைப்பு. உயிரணுவின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் பூட்டுகளைப் போல உள்ளன. நம் உடலிலுள்ள ஃபைப்ரோனெக்டின் என்ற பசைப் புரதம் இவற்றுள் ஒருவகை ஏற்பியில் இயல்பாகவே ஒட்டும். கிருமி அந்தப் பசையைத் தன் மேலுறையில் பிடித்துக்கொண்டு வருகிறது. தெரிந்தவர் குரல் கேட்டுக் கதவைத் திறப்பது போல, உயிரணுவும் கிருமியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சுற்றி மூடிய பையைக் கிழித்து வெளிவந்து கிருமி அங்கேயே பெருகுகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவரே இதற்கு முக்கிய இருப்பிடம். ஆகவே நோய் முற்றினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாம் கெடும்.

பெனிசிலின் இன மருந்துகள் இக்கிருமியிடம் பலிப்பதில்லை. உயிரணுவுக்குள் புகக்கூடிய டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகியவையே பலன் தரும். நோய் கடுமையானவர்களுக்கு இவ்விரண்டையும் சேர்த்து இரத்தக்குழாய் வழியே செலுத்துவது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. கடையில் ஏதோ இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கி நாளைக் கடத்துவதுதான் உயிருக்கு உலை.

கடித்து ஏறத்தாழ பத்து நாளில் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரும். கடித்த இடத்தில் பீடியால் சுட்டாற்போலக் கறுத்த பொருக்கு சிலருக்குத் தோன்றும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் அடிப்புறம் ஆகிய மறைவிடங்களில் அது இருப்பதால் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டு வேலை செய்ததையும் சொல்லுங்கள்.

தடுப்பூசி இல்லை. முழுக்கைச் சட்டை அணியுங்கள். புல்தரையில் வெறும் உடம்போடு படுக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியை வெந்நீரில் அலசுங்கள். வீட்டையொட்டிய புதரை வெட்டி, எலி வளைகளை அடைத்துவிடுங்கள்.