கன்னத்தால் பேசும் பூனை

காலைச் சுற்றி உரசும் பூனை பாலுக்குத்தான் குழைகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அது எந்த இடத்தை வைத்துத் தேய்க்கிறது என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள். வாயோரம், மோவாய், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே முடி மெலிந்த பகுதி, வாலடி, பாதங்கள் என எல்லா இடத்திலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு நிலை, நாற்காலிக் கால், நம் கணுக்கால் என்று பழகிய எதிலும் அது தன் வாசனையைப் பூசி வைக்கிறது. நம் மூக்குக்கு அது எட்டுவதில்லை. சுவர் மூலையில் பூனையின் தலை உயரத்தில் நாளாக ஆகப் படியும் பிசுக்குக் கறைதான் நாம் காணும் ஒரே தடயம்.

ஒரே வீட்டுப் பூனைகள் ஒன்றோடொன்று உரசி உரசி வாசனையைப் பகிர்ந்துகொள்கின்றன. மருத்துவமனைக்குப் போய்த் திரும்பிய பூனையை, கூடவே வளர்ந்த பூனை சீறி விரட்டுவது இதனால்தான். முகம் அதேதான், வாசனை வேறு.

கடுவன் பூனை வாலைத் தூக்கி, நுனி நடுங்க, சுவரில் பீய்ச்சும் மூத்திரத்தின் வேதியியல் வியக்க வைப்பது. அதில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் இருக்கிறது. அதற்கென்று தனி மணம் கிடையாது. அது மெல்லச் சிதையும்போதுதான் அந்தக் காரமான வாடை கிளம்புகிறது. சிறுநீரகத்தில் சுரக்கும் காக்ஸின் என்ற புரதம்தான் ஃபெலினின் உண்டாவதைத் தூண்டுகிறது என்று ஜப்பானின் மசாவோ மியாசாகி குழுவினர் 2006-இல் காட்டினார்கள். கருத்தடை செய்யாத கடுவனிடம் இது மிக அதிகம். பெட்டையிடமும் கருத்தடை செய்த பூனையிடமும் குறைவு. ஆக, இங்கே வந்து போனது யார் என்பதைச் சுவரே சொல்லிவிடுகிறது.

அதைப் படிக்கும் விதமும் தனி. மோந்த பூனை மேலுதட்டைச் சுருக்கி, வாயைப் பாதி திறந்து, சில நொடி அப்படியே நிற்கும். பார்ப்பவருக்கு அருவருப்பு போலத் தோன்றும். உண்மையில், மேல் முன்பற்களுக்குப் பின்னாலுள்ள நுண்துளைகள் வழியே வாசனையை ஜேக்கப்சன் உறுப்பு என்ற தனி மோப்ப உறுப்புக்கு அது அனுப்பிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்குள் பீய்ச்சும் பூனையை அடிப்பது கொடுமை. பயந்த பூனை இன்னும் பீய்ச்சும். அமோனியா கலந்த திரவத்தால் துடைப்பதும் வீண், மூத்திர வாடையை அதுவே நினைவூட்டும். நொதி கலந்த கழுவு திரவம் நல்லது. கருத்தடை செய்தால் பெரும்பாலான கடுவன்கள் இதைக் குறைத்துக்கொள்ளும். அதன் பிறகும் திடீரென்று ஆரம்பித்தால் சிறுநீர்ப்பைக் கோளாறாக இருக்கலாம். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.