கட்டி தட்டாத கறுப்பு

பஜ்ஜிக்குக் கடலை மாவு கரைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் தண்ணீரை முழுதாக ஊற்றிவிட மாட்டார்கள். கொஞ்சமாகத் தெளித்து, கெட்டியாகப் பிசைந்து, கட்டிகளை விரலால் நசுக்கிய பிறகே மீதித் தண்ணீரை விட்டுத் தளர்த்துவார்கள். முதலிலேயே நீர்க்கக் கரைத்தால் கட்டிகள் விரலில் அகப்படாமல் நழுவி ஓடும். டயர் ஆலையின் கலவைக்கூடத்திலும் இதே சிக்கல்தான். அங்கே கட்டி தட்டுவது கார்பன் பிளாக் என்ற கரித்தூள், தளர்த்துவது எண்ணெய்.

தொடக்க கால டயர்கள் வெளிறிய நிறத்தில் இருந்தன. ரப்பர் பாலின் நிறம் அது. துத்தநாக ஆக்சைடு சேர்த்ததால் இன்னும் வெளுத்தது. 1904-இல் லண்டன் சில்வர்டவுன் ஆலையில் எஸ்.சி. மோட் என்பவர், கரித்தூள் கலந்தால் ரப்பர் உறுதியாவதைக் கண்டறிந்தார். செயற்கை ரப்பரில் இந்த விளைவு இன்னும் வியப்பானது. தனியாக இழுத்தால் எளிதில் அறுந்துபோகும் ஸ்டைரீன்-பியூட்டடையீன் ரப்பர், கரித்தூள் சேர்ந்ததும் ஏறத்தாழ பத்து மடங்கு இழுவிசையைத் தாங்குகிறது.

இந்த வலு தூளின் நுண்மையில் இருக்கிறது. டயரில் பயன்படும் ஒரு நடுத்தர வகைக் கரித்தூளில் அடிப்படைத் துகள் சுமார் 30 நானோமீட்டர்தான். அதில் ஒரு கிராமின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 80 சதுர மீட்டர். ஒரு பாட்மின்டன் ஆடுகளம் அளவு. அந்தப் பரப்பில் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் தூள் கட்டியாகவே தங்கிவிட்டால் உட்பரப்பை ரப்பர் தொடவே முடியாது. அத்தகைய கட்டி வலுவைத் தராது. விரிசலுக்கு வித்தாகவும் ஆகிவிடும்.

கட்டியை உடைக்க வந்ததுதான் மூடிய கலவை இயந்திரம். ஃபெர்ன்லி பேன்பரி 1916-இல் காப்புரிமை பெற்ற வடிவம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. உள்ளே இரண்டு ரோட்டர்கள் எதிரெதிராகச் சுழலும். மேலிருந்து கனத்த மூடி அழுத்தும். அறையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்புவது அரிது. மடிந்து புரள இடம் இல்லாவிட்டால் ரப்பர் கலக்காது. அந்தக் கால் பங்கு வெற்றிடமும் வேலையில் சேர்த்திதான்.

முதலில் ரப்பர் விழும், பிறகு கரித்தூள். தூளின் இடுக்குகளில் ரப்பர் புகுந்து நிறைந்ததும் மோட்டார் இழுக்கும் மின்சாரம் மீண்டும் ஓர் உச்சத்தைத் தொடும். கலவை இறுகியிருக்கும் அந்த நேரத்தில்தான் ரோட்டரின் விசை முழுதாகக் கட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்து அவற்றைப் பிய்க்கிறது. எண்ணெயை முந்தி ஊற்றினால் கலவை வழுக்கும், கட்டிகள் தப்பிவிடும். இந்தப் பிசைவில் வெப்பம் 150 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறுவதால், ரப்பரை இறுக்கிப் பதப்படுத்தும் கந்தகத்தை அப்போது சேர்ப்பதில்லை. சேர்த்தால் ரப்பர் இயந்திரத்துக்குள்ளேயே வெந்துவிடும். குறைந்த வெப்பத்தில் நடக்கும் கடைசிச் சுற்று வரை அது காத்திருக்கும்.

இப்படிப் பிசைந்த கலவை எளிதில் ஓடாது. 100 கிலோ ரப்பருக்கு 50 கிலோ கரித்தூள் சேர்த்தால், தூளின் கன அளவு ஐந்தில் ஒரு பங்கு. ஐன்ஸ்டைன் வகுத்த விதிப்படி பாகுத்தன்மை ஒன்றரை மடங்காக வேண்டும். துகள்கள் ஒன்றையொன்று பாதிப்பதையும் கணக்கில் கொண்ட கூத்-கோல்டு சமன்பாடு இரண்டு மடங்கு என்கிறது. உண்மையில் அதையும் தாண்டுகிறது. கிளைகிளையாகப் பிணைந்த துகள்களின் சந்துகளில் சிக்கிய ரப்பர் ஓட்டத்தில் சேராமல், தானும் தூளைப் போலவே நடந்துகொள்வதே காரணம். கட்டிகள் உடைய உடைய அது விடுபட்டு, கலவை இளகும்.

துகள்கள் தமக்குள் ஒரு வலையும் பின்னிக்கொள்கின்றன. அசைத்தால் வலை அறும். விட்டால் மீண்டும் பின்னும். 1960-களில் ஏ.ஆர். பெய்ன் இதை விரிவாக ஆராய்ந்ததால் இது பெய்ன் விளைவு எனப்படுகிறது. சக்கரம் சுழலும்போதெல்லாம் டயருக்குள் வலை அறுந்து பின்னி, வண்டியின் ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக்குகிறது. அது எரிபொருள் நட்டம்.

இந்த நட்டத்தைக் குறைக்க 1992-இல் மிஷ்லின் சிலிக்கா கலந்த டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிலிக்காத் துகள்களுக்கோ ரப்பரைவிடத் தம் இனத்தின் மீதுதான் ஒட்டுதல் அதிகம். இரண்டையும் சேர்த்துவைக்க சிலேன் என்ற இணைப்புப் பொருள் வேண்டும். அந்த வேதிவினை கலவை இயந்திரத்துக்குள்ளேயே நடக்கிறது. வெப்பம் குறைந்தால் பிணைப்பு முடியாது. மிஞ்சினால் ரப்பர் முன்கூட்டியே இறுகத் தொடங்கும். பிசையும் பாத்திரமே அடுப்பும் ஆகிவிட்டது.

கலவை தேறியதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு துண்டைக் கூரிய பிளேடால் அறுத்து, வெட்டிய முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். நன்கு கலந்த ரப்பர் வழவழவென்றிருக்கும். துருத்திக்கொண்டு தெரியும் ஒவ்வொரு புள்ளியும், நசுக்க வேண்டிய நேரத்தில் நசுக்காமல் விட்ட ஒரு கட்டி.