டி.வி. வாங்கப் போகிறீர்களா? முதலில் வீட்டை அளந்து பாருங்கள்!

சிறிய வீட்டுக்கு எத்தனை அங்குலம் பொருந்தும்?

புதிய டி.வி. வாங்கப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள். கடைக்குப் போகுமுன் அளவு டேப் ஒன்றை எடுங்கள். டேப் இல்லையா? ஒரு கயிறு போதும்.

ஏன் என்று கேட்கிறீர்களா? இதோ சொல்கிறோம்.

அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு கட்டிக் கொடுத்த வீடு. மொத்தமே 300 சதுர அடி. முன் அறை 10 அடிக்கு 10 அடி. கணவன், மனைவி, 2 பிள்ளைகள், வயதான அப்பாயி, ஆக 5 பேர்.

முந்திரிக்கொட்டை விற்ற பணம் கையில் இருக்கிறது. பழைய டி.வி. பழுதாகிவிட்டது. புதிதாக அகலத்திரை டி.வி. வாங்க வேண்டும்.

"55 அங்குலம் எடுத்துவிடலாம். மீதியைத் தவணையில் கட்டலாம்" என்கிறார் கணவர்.

"ஏங்க, அதை வைத்தால் நாம் எங்கே உட்காருவது?" என்று கேட்கிறாள் மனைவி.

யார் சொல்வது சரி? அதற்கு விடை கடையில் இல்லை. அவர்கள் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது.

ஊருக்கு ஒரு பெட்டி

இந்தியாவில் டெலிவிஷன் முதன் முதலில் டெல்லியில் வந்தது. அது 1959-ம் ஆண்டு. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்டு 15-ந் தேதி. 1982-ல் வண்ணப் படம் வந்தது.

அப்போது ஒரு தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெரிது. வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" பார்க்க, டி.வி. உள்ள வீட்டு வாசலில் தெருவே கூடும்.

2006-ம் ஆண்டு தமிழக அரசு இலவச வண்ண டி.வி. கொடுக்கத் தொடங்கியது. 2011-ல் ஆட்சி மாறும்வரை அது நடந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதைப் பெற்றன. அது 14 அங்குலப் பெட்டி.

நாம் சொன்ன வீட்டில் பழுதானதும் அந்தப் பெட்டிதான்.

அகலத்திரை என்றால் என்ன?

பழைய பெட்டியின் திரை 12 பங்கு அகலம் என்றால், 9 பங்கு உயரம் இருக்கும். ஏறக்குறையச் சதுரம் போலத் தெரியும்.

புதிய திரை 16 பங்கு அகலம், 9 பங்கு உயரம். அதாவது, அகலத்தில் 4 பங்கு கூடுதல். இதுதான் அகலத்திரை.

இந்த அகலம் எதற்கு? சினிமாவுக்காக!

தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் "ராஜராஜ சோழன்". 1973-ல் வந்தது. அந்த ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம், அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட அகலமான படங்களைப் பழைய பெட்டியில் போட்டால், இரண்டு ஓரமும் வெட்டுப்படும். இல்லையென்றால் படம் சின்னப் பட்டையாகச் சுருங்கும்.

புதிய திரையிலும் சினிமாஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை கொஞ்சம் தெரியும். அது டி.வி.யின் கோளாறு அல்ல. படம் திரையை விட அகலம், அவ்வளவுதான்.

அளவில் ஒரு ஏமாற்றம்

32 அங்குலம் என்றால் எது 32 அங்குலம்? அகலம் அல்ல. உயரமும் அல்ல. திரையை மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் வருவதுதான் அது.

சுவரில் எவ்வளவு இடம் பிடிக்கும்? இதோ கணக்கு:

32 அங்குலத் திரை: அகலம் 28 அங்குலம், உயரம் 15¾ அங்குலம்.

43 அங்குலத் திரை: அகலம் 37½ அங்குலம், உயரம் 21 அங்குலம்.

55 அங்குலத் திரை: அகலம் 48 அங்குலம், உயரம் 27 அங்குலம்.

இது திரை மட்டும். சுற்றிலும் உள்ள சட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய 21 அங்குலப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் புதிய 22 அங்குலம் வாங்கினால், படம் பெரிதாகும் என்று நினைப்பீர்கள். ஆகாது! பழைய திரையின் உயரம் 12½ அங்குலம். புதியதின் உயரம் 10¾ அங்குலம்தான். செய்தி வாசிப்பவரின் முகம் முன்பைவிடச் சிறுத்துவிடும். பழைய 21-க்குச் சமமான உயரம் வேண்டுமானால், அகலத்திரையில் 26 அங்குலம் வாங்க வேண்டும்.

கோலமும் புள்ளியும்

"எச்.டி." என்றால் என்ன? புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு வாசலில் புள்ளிகள் அதிகமானால், கோலம் நுணுக்கமாகும். டி.வி. படமும் அப்படித்தான்.

சாதாரணப் படத்தில் ஏறக்குறைய 4 லட்சம் புள்ளிகள். எச்.டி. படத்தில் 9 லட்சம். ஃபுல் எச்.டி.யில் 20 லட்சத்துக்கு மேல். 4-கே என்பதில் 83 லட்சம்!

"அப்படியானால் 4-கேதானே நல்லது?" என்று கேட்கலாம். ஆனால், கண்ணுக்கும் ஒரு எல்லை உண்டு. மாடியில் நின்று பார்த்தால் கோலப் புள்ளியை எண்ண முடியுமா? முடியாது. அதுபோல, 8 அடி தூரத்தில் உட்கார்ந்து 43 அங்குலத் திரையைப் பார்த்தால், ஃபுல் எச்.டி. படமும் 4-கே படமும் ஒன்று போலவே தெரியும்.

எவ்வளவு தூரம்?

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. எச்.டி. படம் பார்க்க, திரை அளவைப் போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும். சாதாரணப் படம் என்றால், 3 மடங்கு தள்ளி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் படம் கலங்கித் தெரியும்.

அடிக்கணக்கில் பார்ப்போம்.

32 அங்குலம்: எச்.டி. படத்துக்கு 4 முதல் 6½ அடி. சாதாரணப் படத்துக்கு 8 அடி.

43 அங்குலம்: எச்.டி. படத்துக்கு 5½ முதல் 9 அடி. சாதாரணப் படத்துக்கு 11 அடி.

55 அங்குலம்: எச்.டி. படத்துக்கு 7 முதல் 11½ அடி. சாதாரணப் படத்துக்கு 14 அடி.

செந்துறை வீட்டு அறையே 10 அடிதான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால், திரைக்கும் கண்ணுக்கும் 8 அடி இருக்கும். பிள்ளைகள் பாய் போட்டு 5 அடியில் உட்காருவார்கள். 55 அங்குலத்துக்கு முன் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்தால், கோடியில் நடப்பதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரணப் படம் ஓடினால், 14 அடி வேண்டும். சுவரை இடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குள் உட்காருவதா?

கம்பியில் வருவது என்ன?

பலர் ஏமாறுவது இங்கேதான். எச்.டி. டி.வி. வாங்கினால் எச்.டி. படம் தானாக வந்துவிடாது!

உங்கள் வீட்டுக் கேபிள் பெட்டி அல்லது டிஷ் பெட்டி சாதாரணப் பெட்டியாக இருந்தால், படமும் சாதாரணப் படம்தான். எச்.டி. பெட்டி வேண்டும். எச்.டி. சேனல்களுக்கும் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

பெட்டியிலிருந்து டி.வி.க்குப் போகும் வயரையும் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று 3 முனைகள் உள்ள வயரில் சாதாரணப் படம்தான் வரும். எச்.டி. படத்துக்குத் தட்டையான முனையுள்ள எச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும்.

புது டி.வி.யில் எல்லோரும் குண்டாகத் தெரிகிறார்களா? பழைய வடிவப் படத்தை அகலத்துக்கு இழுத்துக் காட்டுகிறது என்று பொருள். ரிமோட்டில் பட அளவை மாற்றினால் சரியாகிவிடும்.

செல்போன் இணையத்தில் படம் பார்க்க எண்ணுகிறவர்கள் இதையும் கேளுங்கள். எச்.டி. படம் ஒரு மணி நேரம் ஓடினால், ஏறத்தாழ 3 ஜி.பி. வரை செலவாகும். தினம் ஒன்றரை ஜி.பி. திட்டம் பாதிக் கதையிலேயே தீர்ந்துவிடும்!

எங்கே வைப்பது?

சாமி படம் மாட்டுவது போல் டி.வி.யை உயரத்தில் மாட்டுகிறார்கள். இது தவறு. திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். பாயில் உட்காருகிறவருக்கு அது ஏறக்குறைய இரண்டரை அடி உயரம். நாற்காலிக்கு மூன்றரை முதல் 4 அடி. இரண்டு வகையும் உள்ள வீட்டில், நடுவாக 3 அடி வைக்கலாம்.

வாசலுக்கும் ஜன்னலுக்கும் நேர் எதிரே வைக்காதீர்கள். பகலில் படத்துக்குப் பதில் தெருதான் தெரியும்!

மேஜையில் வைத்தால், பின்புறம் சுவரோடு இழுத்துக் கட்டுங்கள். குழந்தை பிடித்து இழுத்தால் சாய்ந்துவிடும். இடி மின்னலின்போது மின் பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றி விடுங்கள். திரையில் தண்ணீர் தெளித்துத் துடைக்கக் கூடாது. உலர்ந்த மெல்லிய துணி போதும்.

செலவுக் கணக்கு

32 அங்குலத்தைவிட 55 அங்குலத்தின் விலை பெரும்பாலும் 2 மடங்குக்கு மேல் இருக்கும். அதோடு நிற்பதில்லை.

50 வாட் டி.வி. தினம் 5 மணி நேரம் ஓடினால், 2 மாதத்தில் 15 யூனிட் ஆகும். 120 வாட் டி.வி. என்றால் 36 யூனிட் ஆகும். எத்தனை வாட் என்பது பெட்டியின் பின்புறம் இருக்கும். மின்சிக்கன நட்சத்திர வில்லையையும் பாருங்கள்.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கு முன்பு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே, வரிக்குப் பயந்து சிறியதை வாங்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் பொருந்துவதை வாங்கலாம்.

தவணை என்றால், மாதத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். "கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" என்று கேளுங்கள்.

கடையில் என்ன செய்ய வேண்டும்?

கடையில் வெளிச்சம் அதிகம். அங்கே பளபளக்கும் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சாதாரணச் சேனல் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். சில திரைகளில் ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். சிறிய அறையில் யாராவது ஒருவர் ஓரத்தில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு ஒலியைக் கேளுங்கள். பழுது பார்க்கும் நிலையம் பக்கத்தில் எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரியுங்கள். திரை உடைந்தால், அதை மாற்றும் செலவு புது டி.வி. விலையை நெருங்கிவிடும்.

பில் கட்டாயம் வாங்குங்கள். கொண்டுவந்து இறக்குபவர் முன்னிலையிலேயே பெட்டியைப் பிரித்து ஓட்டிப் பாருங்கள். குறை இருந்து கடைக்காரர் கவனிக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

கண்ணைக் கவனியுங்கள்!

கடைசியாக ஒன்று. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

"அப்பாயிக்குச் சரியாகத் தெரியவில்லையாம். அதனால்தான் பெரிய டி.வி." என்று நினைக்கிறார் கணவர். தாய் மேல் உள்ள பாசம்தான். ஆனால், வயதானவருக்குப் படம் மங்கலாகத் தெரிந்தால், அது டி.வி.யின் குறையாக இல்லாமல் கண்புரையாக இருக்கலாம். 55 அங்குலம் அல்ல, 100 அங்குலம் வாங்கினாலும் புரை நீங்காது. அரசு மருத்துவமனைகளில் கண்புரை அறுவைச் சிகிச்சையை இலவசமாகச் செய்கிறார்கள்.

பிள்ளை எப்போதும் திரைக்குக் கிட்டப்போய் நின்று பார்க்கிறதா? "தள்ளிப் போ" என்று அதட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். அது கிட்டப்பார்வையாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையும் அதற்குத் தெரியாமல் இருக்கும். கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டால், டி.வி.யும் தெரியும், பாடமும் புரியும்.

அந்த வீட்டில் என்ன முடிவு?

கணவரும் மனைவியும் டேப் பிடித்து அளக்கிறார்கள். கதவு நிலைக்கும் பீரோவுக்கும் நடுவே 36 அங்குலம் இருக்கிறது. 55 அங்குல டி.வி.க்கு 48 வேண்டும். 43 அங்குல டி.வி.க்கே ஒன்றரை அங்குலம் இடிக்கிறது.

"பீரோவை நகர்த்தினால்?" என்கிறார் அவர்.

"ஜன்னல் அடைபட்டுப் போகுமே. காற்றுக்கு என்ன செய்வது?" என்கிறாள் அவள்.

32 அங்குலம் என்று முடிவாகிறது. பழைய 14 அங்குலத் திரையோடு பார்த்தால், பரப்பில் இது நாலரை மடங்குக்கு மேல் பெரிது! கூடவே எச்.டி. பெட்டியும் அதற்கான வயரும். பாயை ஒன்றரை அடி முன்னால் போட்டுக்கொள்கிறார்கள். அப்பாயியின் நாற்காலி 5 அடிக்கு வருகிறது.

தவணை இல்லை. கடன் இல்லை. கையில் மீதிப் பணமும் இருக்கிறது.

அடுத்த நாள் காலையில் அப்பாயியைப் பஸ்சில் ஏற்றி அழைத்துக்கொண்டு புறப்படுகிறார் மகன். எங்கே தெரியுமா? டி.வி. கடைக்கு அல்ல. அரியலூர் அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு!

டி.வி.யை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம். பார்ப்பதற்கு முதலில் கண் வேண்டும் அல்லவா?