உடல் ஓர் அமானிதம்



சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் வந்த இல்லங்களில், "எல்லாம் எழுதியபடிதான் நடக்கும்" என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறோம். விதியை நம்புவது ஈமானின் அங்கம்; ஐயமில்லை. ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு பணித்தவர்கள் நபி (ஸல்) அவர்களே (திர்மிதீ). நம் உடலும் அவ்வாறு கட்டிக் காக்க வேண்டிய அமானிதமே.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைச் சீராக்கி நாள்தோறும் அரைமணி நேரம் நடக்குமாறு பயிற்றப்பட்டவர்களில் 39 பேருக்கே வந்தது. மாத்திரை உட்கொண்டவர்களிலும் ஏறத்தாழ 40 பேருக்கு வந்தது. அதாவது, நடை மாத்திரைக்கு நிகராக நின்றது! காரணம் எளிது: உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவிடுகிறது, வயிற்றில் சேரும் கொழுப்போ இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது.

உத்திரமேரூர் வட்டாரத்தில் நம் முன்னோர் ஏரிப்பாசன வயல்களில் நாற்று நட்டார்கள், வரப்பு வெட்டினார்கள், வெகுதூரம் நடந்தார்கள். உண்ட சோறு உழைப்பில் கரைந்தது. இன்று வயல் வேலையை இயந்திரம் செய்கிறது. தட்டில் சோறு மட்டும் குறையவில்லை. அடுத்த தெருப் பள்ளிவாசலுக்கும் வண்டியிலேயே வருகிறோம். தொழுகைக்காக நடக்கும் ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை உண்டென்பதை மறக்கலாமா?

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்பது நபிவழி (திர்மிதீ). சோற்றைக் குறைத்து கீரை, காய், பயறு, மீன் ஆகியவற்றைக் கூட்டுங்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாயும் அப்பளமும் அக்கணக்கில் சேரும். நோன்பு திறந்தவுடன் வடை, சமோசா, சர்பத் என நிறைப்பது நோன்பின் பயனைக் கெடுக்கும்.

பெண்கள் நடப்பதை நாணத்திற்குரியதாக எண்ணாதீர்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயமே ஓடியுள்ளார்கள் (அபூதாவூத்). பஜ்ருக்குப் பின் மனைவியுடன் நீங்களும் நடந்து வாருங்கள்.

முப்பது வயதைக் கடந்தவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள்; ரமளானுக்கு முன்பே ஆலோசனை பெறுங்கள்.

அமானிதத்தைப் பேணி, அவனை வணங்கும் ஆற்றலுடன் வாழ வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.