சவாரி மாடு வாங்க முன்

கிளிநொச்சிப் பக்கம் மாட்டுவண்டில் சவாரி மறுபடியும் களைகட்டியிருக்கிறது. நாம்பன் வாங்க நினைக்கும் பெடியள் என்னிடம் முதலில் கேட்பது, "எப்படி ஓடும்?" என்றுதான். நான் முதலில் பார்க்கச் சொல்வது மாட்டின் கடதாசியை.

காரணம் இருக்கிறது. 2009 ஜனவரியில் விசுவமடுவிலிருந்து வெளிக்கிட்டபோது அப்பா தன் சவாரிச் சோடியை அவிழ்த்துவிட்டார். கட்டையில் நின்றால் ஷெல்லுக்கோ பசிக்கோ சாகும். அவிழ்த்துவிட்டால் தப்பவும் கூடும். மீள்குடியேறிய பிறகு, கட்டாக்காலியாக நின்ற ஒரு மாட்டைத் தன்னுடையதென்று அடையாளம் கண்டார். ஆனால் அழகு கெடும் என்று அவர் குறி சுடவில்லை. சீட்டும் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. குறி இருந்தவர்கள் தங்கள் மாடுகளைக் கொண்டுபோனார்கள். அப்பா வெறுங்கயிற்றோடு வந்தார்.

ஆகவே, குறியோ காதுப்பட்டி இலக்கமோ உரிமைச் சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒற்றை மாட்டின் வேகத்தைப் பார்த்துக் காசைக் கொடுக்காதீர்கள். உயரமும் நடையும் ஒத்த சோடி அமையாவிட்டால் வண்டில் ஒரு பக்கம் இழுபடும்.

வேறிடத்துச் சவாரிக்கு வாகனத்தில் ஏற்றுவதென்றால் கால்நடை வைத்தியரின் சான்றிதழும் அனுமதிப்பத்திரமும் கையில் இருக்கவேண்டும். பெட்டிக்குள் வைக்கோல் பரப்புங்கள், கால் வழுக்காது. திடலில் இறக்கியதும் வண்டிலில் பூட்டாதீர்கள். தண்ணீர் காட்டி, கொஞ்சம் நடத்தி ஆறவிடுங்கள்.

கடதாசிகளின் பிரதியொன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள். எங்கள் புதிய சோடிக்கு அப்பாவே பக்கத்தில் நின்று குறி சுடுவித்தார்.